பயிற்சிக்குப் போகும்போது கணக்கு நோட்டையும் எடுத்துப் போங்கள்

அவிநாசியில் வீட்டிலேயே சத்துமாவு செய்து விற்கிறேன். தொடங்கி ஒன்றரை வருடம் கழித்துத்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அறுவடைப் பின்சார் தொழில்நுட்ப மையத்தில் சிறுதானிய மதிப்புக்கூட்டல் பயிற்சிக்குப் போனேன். இரண்டு நாள் வகுப்பு; அப்போது வரியோடு 1,770 ரூபாய் கட்டினேன்.

வகுப்பில் சொன்னதை விட இடைவேளையில் கேட்டுத் தெரிந்துகொண்டது அதிகம். என் பாக்கெட்டை ஒரு பேராசிரியையிடம் நீட்டி, "மேடம், ஒரே மாதத்தில் கட்டி பிடித்துவிடுகிறது" என்றேன். "மில்லில் இருந்து வந்ததும் சூட்டோடு அடைக்கிறீர்களா?" என்று கேட்டார். அதேதான். அகலமாகப் பரப்பி முழுக்க ஆறவிடாமல் அடைத்தால் கவருக்குள் வேர்த்துவிடும்.

அப்புறம் விலையைக் கேட்டார். அரைக் கிலோ 110 ரூபாய், சரக்கு 56 ரூபாய், பாதிக்குப் பாதி லாபம் என்றேன். நோட்டை வாங்கி எழுதவைத்தார். சுத்தம் செய்து வறுத்து அரைத்தால் எடை குறையும், ஆக சரக்கே 62. அரைவைக் கூலி 8, கேஸ் 5, கவரும் ஸ்டிக்கரும் 9. கடைக்காரர் கமிஷன் 22. மிச்சம் 4 ரூபாய். நாற்பது பாக்கெட்டுக்கு ஒரு முழு நாள் உழைத்து 160 ரூபாய்தான் எனக்கு வந்திருக்கிறது. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அதனால் சொல்கிறேன், வெறுங்கையோடு போகாதீர்கள். செய்த பொருள், மூன்று மாத வரவுசெலவு, சரக்கு வாங்கிய பில், ஒட்டும் லேபிள் எல்லாம் பையில் இருக்கட்டும். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு பற்றிப் பயப்பட வேண்டாம். நான் எடுத்தபோது, 12 லட்சத்துக்குள் விற்பனை இருந்தால் ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுக்குக் காசே கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். குறு உணவு நிறுவனங்களுக்கான 35 சதவீத மானியத்துக்கு விண்ணப்பித்தபோது, வங்கி மேலாளர் முதலில் கேட்டதே ஒரு பாக்கெட்டின் அடக்கவிலையைத்தான். அந்த நோட்டுப் பக்கத்தையே திருப்பிக் காட்டினேன்.

இப்போது விலை 140. இரண்டு கடைகள் வாங்குவதை நிறுத்திவிட்டன. மூன்றாவது கடைக்காரர், "மாவு இப்போ கட்டி பிடிக்கிறதில்லையே" என்று வாரம் இருபது பாக்கெட் எடுக்கிறார்.