கலி 3871: யானைமலைக் கல்வெட்டுல மாட்டுன ஒரு வருஷம்

நம்ம மதுரப் பக்கம் பழைய கல்வெட்டுக்குப் பஞ்சமே இல்ல, ஆனா வருஷம் கேட்டா மட்டும் கைய விரிச்சிரும். மாங்குளம் மலையில நெடுஞ்செழியன் பேரு இருக்கு, வருஷம் கிடையாது. பின்னாடி வந்த பாண்டியர் கல்வெட்டுங்க பெரும்பாலும் இன்ன ராஜாவுக்கு யாண்டு இத்தனைன்னு ஆட்சி வருஷத்தத்தான் சொல்லும், அந்த ராஜா எப்ப பட்டத்துக்கு வந்தாருன்னே தெரியாம அந்த நம்பர வச்சு என்னத்தப் பண்றது? அதுலயும் மாறன், சடையன்னு ரெண்டு பேரையே மாத்தி மாத்தி வச்சிக்கிட்டாங்க, யாரு தாத்தா யாரு பேரன்னு பிரிக்கிறதுக்குள்ள தாவு தீந்துரும்.

அதனாலதான் ஒத்தக்கடை யானைமலையில இருக்குற நரசிங்கப் பெருமாள் குடவரை எனக்குப் பெரிய விஷயமாத் தெரியுது. அங்க ஒரே சங்கதிய ரெண்டு விதமா வெட்டிருக்காங்க. வட்டெழுத்துத் தமிழ்ல கதை இருக்கு: பாண்டிய ராஜா கோமாறஞ்சடையனுக்கு உத்தரமந்திரியா, அதாவது தலைமை மந்திரியா இருந்த மாறன்காரி கோயிலச் செஞ்சிட்டு "நீர்த்தெளியாதே", அதாவது குடமுழுக்கு நடத்தாமலே செத்துப் போயிட்டான், அவன் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி நீர் தெளிச்சான். வருஷம் இதுல இல்ல. கிரந்த எழுத்துல இருக்குற சமஸ்கிருதப் பாட்டுலதான் இருக்கு, கலியுகத்துல 3871 வருஷம் கழிஞ்சப்போன்னு.

கலி பொறந்தது கி.மு. 3102 பிப்ரவரி 18ன்னு கணக்கு. கி.மு. 1க்கு அடுத்து நேரா கி.பி. 1தான், நடுவுல பூஜ்யம் கிடையாது, அப்ப கி.பி. 1ல 3102 வருஷம் கழிஞ்சிருக்கும், அப்படியே எண்ணிட்டு வந்தா 3871 கழிஞ்சது 770ல. "கழிஞ்சது"ங்கிறதுதான் இங்க சூட்சுமம். வீட்டுல பெருசுங்க அம்பது முடிஞ்சு அம்பத்தொண்ணு நடக்குதும்பாங்கள்ல, அது மாதிரி 3871 நடப்பு வருஷம்னா 769, முடிஞ்ச வருஷம்னா 770. ஆரியபட்டர் தனக்கு 23 வயசாகும்போது கலி 3600 கழிஞ்சிருச்சுன்னு சொல்றாரு, அது 499, அந்தக் கணக்குக்கும் இது சரியா ஒத்துப்போகுது.

மத்த காலண்டர்ல அதே வருஷம் சக ஆண்டு 692, ஹிஜ்ரி 153, இப்ப நாம போடுற திருவள்ளுவர் ஆண்டுப்படி 801. கொல்லம் ஆண்டு பொறக்கவே இன்னும் 55 வருஷம் இருக்கு. சீனாவுல அது டாலிங்கிற ராஜா ஆண்டுக் கணக்குல 5, கவிஞர் து ஃபூ செத்த வருஷம். அவங்களும் ராஜா கணக்குதான் பாத்தாங்க, ஆனா வரிசைய விடாம எழுதி வச்சாங்க, நம்மாளுங்க அத மட்டும் பண்ணல.

சரி, 770 தெரிஞ்சு என்ன லாபம்னா, வேள்விக்குடிச் செப்பேடு நெடுஞ்சடையனோட (கோமாறஞ்சடையன்னு சொன்னது இவரத்தான்) 3வது ஆட்சி வருஷத்துல குடுத்தது, அதுல ஆணத்தி, அதாவது ராஜா உத்தரவ நிறைவேத்துற அதிகாரி யாருன்னு பாத்தா இதே மாறன்காரி! செத்தவன் ஆணத்தியா வரமுடியாது, அப்ப அந்த 3வது வருஷம் 770க்குள்ள வந்தாகணும், அதனால ராஜா பட்டத்துக்கு வந்தது 760கள்லன்னு கிட்டத்தட்ட பிடிச்சிரலாம். அடுத்த கெட்டியான வருஷத்துக்குப் பழனிப் பக்கம் ஐவர்மலைக்குப் போகணும், அங்க சக 792ம் வரகுணனோட 8வது வருஷமும் சேந்தே இருக்கு, அப்ப அவரு பட்டத்துக்கு வந்தது 862. நடுவுல இருக்குற ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபனுக்கெல்லாம் இன்னிக்கும் புத்தகத்துல "சுமார்"தான்.