ஆலன் குல்விக்கியின் கணக்கு

கியர்பாக்ஸ் பழுதுபார்க்கும் பிரிவில் பணியாற்றிய ஆண்டுகளில், உடைந்த பல்சக்கரத்தை உள்ளங்கையில் வைத்து, முறிந்த இடம் மணிமணியாக மின்னுவதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம், அமெரிக்காவின் ஸ்டாக் கார் (சாலைக் கார்களின் சாயலில் கட்டிய பந்தயக் கார்) பந்தய வீரர் ஆலன் குல்விக்கியை நினைத்துக்கொள்வேன். 1992 நவம்பர் 15 அன்று அட்லாண்டாவில் நடந்த, அந்த ஆண்டின் கடைசி நாஸ்கார் (அந்தப் பந்தயங்களை நடத்தும் அமைப்பு) பந்தயத்தில், பெட்ரோலுக்கும் டயருக்கும் ஒதுங்கும் முதல் பிட் நிறுத்தத்திலேயே அவருடைய காரின் முதல் கியர் போய்விட்டது. அதன்பின் நின்று கிளம்பிய ஒவ்வொரு முறையும், இன்ஜின் அணைந்துவிடாமல் உயர் கியரிலேயே வண்டியை நகர்த்தி வெளியே வந்தார். கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கும் அந்த நொடியின் பதற்றம், அப்படி ஒரு வண்டியை நகர்த்திப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

விஸ்கான்சின் மாநிலத்துக்காரரான அவர் மில்வாக்கியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். சொந்தமாக அணியை நடத்திக்கொண்டே காரையும் ஓட்டினார். புகழ்பெற்ற அணி உரிமையாளர் ஜூனியர் ஜான்சன் அழைத்தபோதும் போகவில்லை. பிடிவாதக்காரர் என்றார்கள். தான் முறுக்கிய போல்ட்டை மட்டுமே நம்பும் மெக்கானிக்குகளோடு பழகிய எனக்கு அந்த மனம் அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆண்டு முழுதும் பந்தயங்களில் சேர்த்த புள்ளிகளை வைத்துத்தான் சாம்பியன் பட்டம். அந்த 1992 செப்டம்பரில் டோவர் பந்தயம் முடிந்தபோது அவர் முதலிடத்தைவிட 278 புள்ளிகள் பின்தங்கியிருந்தார். மீதம் ஆறு பந்தயங்கள்தான். அட்லாண்டாவுக்கு வரும்போது அந்த இடைவெளி 30 ஆகச் சுருங்கியிருந்தது. முதலிடத்தில் இருந்த டேவி அலிசன் அன்று மோதலில் சிக்கியதும், போட்டி பில் எலியட்டுக்கும் இவருக்கும் என்றானது. அதிகச் சுற்றுகள் முன்னிலையில் இருப்பவருக்கு 5 கூடுதல் புள்ளிகள் உண்டு. அதைக் கணக்கிட்டு, பெட்ரோலுக்காக உள்ளே வருவதைத் தள்ளிப்போட்டு, 103 சுற்றுகள் முன்னிலை வகித்தார் குல்விக்கி, எலியட்டுக்கு 102. பந்தயத்தை வென்றவர் எலியட், 10 புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனவர் குல்விக்கி. அந்த ஒரு சுற்று கைமாறியிருந்தால் இருவரும் சமநிலையில் நின்று, அதிக வெற்றிகள் பெற்றிருந்த எலியட்டுக்கே பட்டம் போயிருக்கும். ஓட்டிக்கொண்டே கணக்குப் போடும் அந்த நிதானத்தைத்தான் வேலைக்குப் புதிதாக வந்த பையன்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

அன்று அவர் ஓட்டிய ஃபோர்டு தண்டர்பேர்டில், பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை எடுத்துவிட்டு ‘அண்டர்பேர்டு’ ஆக்கியிருந்தார்கள்; ஜெயிக்க வாய்ப்பில்லாதவரைச் சொல்லும் ‘அண்டர்டாக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சாயலில். பட்டம் வென்றதும், தடத்தில் எதிர்த்திசையில் ஒரு சுற்று வந்தார்.

1993 ஏப்ரல் 1 அன்று, பிரிஸ்டல் பந்தயத்துக்குச் செல்லும் வழியில், விமான விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 38. மறுநாள் அவருடைய காரை ஏற்றிவந்த லாரி, பிரிஸ்டல் தடத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு, கீழே இறக்காத காரோடு ஊர் திரும்பியது.