தடைக்காலத்தில் ஓர் ஆபரேஷன்: பாம்பன் நாட்குறிப்பு

2025 மார்ச் 9, ஞாயிறு

தம்பியிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

வயது இருபத்திரண்டு. விசைப்படகுக்குப் போகிறான். பதினான்கு வயதில் மார்பு இரண்டும் வீங்க ஆரம்பித்தது, இன்றுவரை வடியவில்லை. கைனகோமாஸ்டியா என்பார்கள். பருவ வயதில் ஹார்மோன்கள் ஏறி இறங்கும்போது ஆண்பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொஞ்சமாவது வரும், பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாக அடங்கிவிடும். சிலருக்கு அந்தச் சுரப்பித் திசு இறுகி அப்படியே தங்கிவிடுகிறது. அப்புறம் எத்தனை தண்டால் எடுத்தாலும் போகாது. உடற்பயிற்சியில் கரைவது கொழுப்புதான், சுரப்பி கரையாது.

இன்று துணி துவைக்கும்போது அவன் பனியனைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் மார்புக்குக் குறுக்கே பாவாடை எலாஸ்டிக்கை இரண்டு வரிசையாக வைத்துக் கையாலேயே தைத்திருக்கிறான். வலை பொத்துகிற நைலான் நூல். இதற்கு மேல் இன்னொரு பனியன், அதற்கு மேல் சட்டை. உப்புத் தண்ணீரில் நனைந்து, வெயிலில் காய்ந்து, எலாஸ்டிக் பட்ட இடமெல்லாம் அவனுக்குத் தோல் உரிந்து கிடக்கிறது. மற்றவர்கள் வெற்றுடம்போடு மடி வலை இழுக்கும்போது இவன் மட்டும் இப்படி. படகில் ஒரு பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள். அதை நான் எழுத மாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மதுரையில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் போனில் ஆபரேஷனுக்கு முன், பின் என்று படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்கள். "காலையில வாங்க, சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம். தவணை இருக்கு. இந்த வாரமே பணம் கட்டினா சலுகை." தம்பியைச் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறான், ஏன் வந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஆபரேஷன் செய்யப்போவது யார் என்று நான் கேட்டதற்கு "எங்க டீம்" என்று பதில். ஒரு நர்ஸாக எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

இந்த வேலைக்கென்று எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி, டி.என்.பி. என்ற மேற்படிப்புகளை வருடக்கணக்கில் படித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொண்டதெல்லாம் அழகு சிகிச்சை செய்யப் போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. யார் செய்கிறார், என்ன படித்திருக்கிறார், மயக்க மருந்து யார் கொடுப்பார் என்று கேட்பது நம் உரிமை. பதில் வராத இடத்தில் உட்கார வேண்டியதில்லை.

தம்பி பஸ்ஸில் பேசவே இல்லை. பார்த்திபனூர் தாண்டும்போது, "நாளைக்கேன்னு சொல்லிருந்தா நான் படுத்திருப்பேன்க்கா" என்றான்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று பார்த்தது முறையாகப் படித்த ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நிதானமான டாக்டரம்மா. முதலில் என்னை வெளியே உட்காரச் சொன்னார். தம்பிதான் "அக்கா இருக்கட்டும்" என்றான்.

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரண்டு பக்கமும் வைத்து மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தார். கொழுப்பாக இருந்தால் விரல்கள் காம்பு வரை தடையில்லாமல் வந்துவிடும். இவனுக்குக் காம்புக்கு அடியில் தட்டு மாதிரி ஒன்று தடுத்தது. அதுதான் சுரப்பி. பிறகு திரைக்குப் பின்னால் விதைப்பையையும் சோதித்தார், ஏனென்றால் அபூர்வமாக அங்கே வரும் கட்டிகூட இதற்குக் காரணமாக இருக்கலாம். தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின் என்று ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். ஜிம்மில் யாராவது ஊசி போட்டார்களா, பவுடர் கொடுத்தார்களா என்று இரண்டு தடவை கேட்டார். உடம்பு தேற்ற என்று போடும் ஸ்டீராய்டு ஊசியால் இதே வீக்கம் வரும். காரணம் உள்ளே இருக்க, மேலே மட்டும் வெட்டிவிட்டால் திரும்ப வரலாம்.

முழங்கையில் கெளுத்தி முள் கிழித்த பழைய தழும்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது தடித்து எழும்பாமல் தட்டையாக இருந்தது. நம் தோலுக்கு, அதிலும் நெஞ்சுப் பகுதியில், தழும்பு தடிக்கும் வாய்ப்பு அதிகம். பழைய காயம் எப்படி ஆறியிருக்கிறது என்பது நல்ல அடையாளம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்விகள் வந்தன.

"ஒரு நாள்ல எத்தனை தடவை கண்ணாடி பாப்பே?"

"பாக்குறதே இல்ல டாக்டர்."

"யாரும் கூட இல்லாதப்ப?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "குப்புறப் படுத்தா வலிக்கும். எலாஸ்டிக் போடாம கடலுக்குப் போகணும், அவ்வளவுதான்."

"கேலி பண்றவங்க நிறுத்திருவாங்களா?"

"நிறுத்த மாட்டாங்க. வேற எதாச்சும் சொல்லுவாங்க."

அவர் எழுதிக்கொண்டே தலையாட்டினார். இந்தப் பதிலைக் கேட்டுத்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன், எனக்கும்தான். கத்தியால் ஆகக்கூடிய காரியத்தை மட்டும் கேட்கிறான். நண்பர்களை மாற்றித் தா, கல்யாணத்தை நடத்தித் தா என்று கேட்கவில்லை.

எல்லாரும் அப்படி வருவதில்லையாம். இல்லாத குறையை, அல்லது மற்றவர் கண்ணுக்கே படாத குறையை, மணிக்கணக்கில் கண்ணாடியில் தேடுகிறவர்கள் உண்டு. தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள், வீட்டில் எல்லாரையும் கேட்பார்கள், வெளியே போகவே மாட்டார்கள். பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்று அதற்குப் பெயர். இத்தாலிய மனநல மருத்துவர் மோர்செல்லி 1891-லேயே எழுதி வைத்தார். அவர்களுக்கு ஆபரேஷன் பெரும்பாலும் நிம்மதி தராது, கவலை இன்னோர் உறுப்புக்கு நகரும். மனநல சிகிச்சையும் மாத்திரையும்தான் உதவும். "அவங்களுக்கு முடியாதுன்னு சொல்றதும் என் வேலைதான்" என்றார் டாக்டரம்மா.

மார்ச் 30, ஞாயிறு

தங்கச்சிமடத்தில் பெரியம்மா வீடு. பெரியம்மா மகளுக்கு ஆவணியில் கல்யாணம் பேசுகிறார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் யாரோ மூக்கைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போக, மூக்கை "சரி பண்ண" எவ்வளவு ஆகும் என்று என்னிடம் கேட்கிறாள்.

"அந்த வீடு வேண்டாம்னு ஆயிட்டா, அப்பவும் பண்ணிக்குவியா?"

வெகுநேரம் வளையலைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அப்ப எதுக்குக்கா?"

மூக்கு ஆபரேஷனில் வீக்கம் முழுசாக வடிந்து உருவம் நிலைக்க ஒரு வருடம்வரை ஆகும். ஆவணிக்குள் எந்த மூக்கும் தயாராகாது. அதைச் சொன்னேன். அவள் மூக்கு எங்கள் பாட்டியின் மூக்கு என்றும் சொன்னேன். எனக்கு அது அழகு. ஆனால் என் ரசனையைச் சொல்லி அவள் வாயை அடைப்பதும் நியாயமில்லை. இரண்டு வருடம் கழித்து அவளாகவே கேட்டால் நானே கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

புதிய ரயில் பாலம் திறப்பு, ஊரே கூட்டம். தம்பியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டெல்லாம் வந்துவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

தேதி குறித்தாயிற்று, 23. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. ஆபரேஷனுக்குப் பிறகு நாலிலிருந்து ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, கயிறு இழுக்கக் கூடாது, புண் ஆறும்வரை கடலில் இறங்கக் கூடாது. வேறு மாதமாக இருந்தால் இவன் பங்கு போய்விடும். அழகு சிகிச்சைக் கணக்கில் சேர்வதால் காப்பீடும் கிடையாது. அவன் சேமிப்போடு என் சீட்டுப் பணத்தையும் சேர்த்திருக்கிறோம்.

சிகரெட்டைத் தவக்காலம் தொடங்கியபோதே விட்டிருந்தான். ஈஸ்டரோடு மறுபடி தொடங்குவது இங்கே பையன்களின் வழக்கம். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், காம்புக்குப் போகும் ரத்தமே குறைந்து அந்த இடம் அழுகிப்போகலாம். முன்னும் பின்னும் குறைந்தது நாலு வாரம் கூடாது, புகையிலை மெல்வதும் அதே கணக்குதான். இதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அம்மா, "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்குடா அழகு ஆபரேசன்?" என்று நாள் முழுக்கப் புலம்பல். எலாஸ்டிக் தைத்த பனியனைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். தையலை விரலால் நீவிப் பார்த்தது. பிறகு ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டது.

ஏப்ரல் 23, புதன்

முடிந்தது. அக்குள் ஓரம் சின்னத் துளை வழியாகக் கொழுப்பை உறிஞ்சி, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் அரைவட்டமாகக் கீறிச் சுரப்பியை எடுத்தார்கள். முழுவதும் எடுத்தால் காம்பு குழிந்துவிடும், அதனால் அடியில் மெல்லிய தட்டு விடுவார்கள். எடுத்த திசு பரிசோதனைக்குப் போயிருக்கிறது. ராத்திரி ரத்தம் கட்டுகிறதா என்று கவனித்தேன். இல்லை.

மே 4, ஞாயிறு

இந்த வாரம்தான் கஷ்டமாக இருந்தது. நெஞ்சு மஞ்சளும் நீலமுமாக இருக்கிறது, வீக்கம் வேறு. அழுத்தமான உள்ளாடையை இரவும் பகலும் போட வேண்டும். "மறுபடியும் பனியன்தானேக்கா, என்ன மாறுச்சு?" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். இந்தச் சோர்வு பலருக்கும் வரும், முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்கள். சொல்லியிருந்தாலும் வரும்போது வலிக்கத்தான் செய்கிறது. அப்பா ஒன்றும் பேசாமல் கட்டில் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

திசுப் பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை. இடது காம்பில் உணர்ச்சி இன்னும் வரவில்லை, அதற்கு மாதங்கள்கூட ஆகலாம். வலது பக்கம் லேசாக மேடு. அதை அவனே கவனித்து, அவனே "இருக்கட்டும்" என்றான். தழும்பு முதிர ஒரு வருடம், அதுவரை வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, சட்டை இப்போதைக்குக் கழறாது. எலாஸ்டிக் இல்லாத சட்டை, ஒரே ஒரு சட்டை.

ஜூன் 15, ஞாயிறு

தடை முடிந்தது. மெதுவாக வேலையைத் தொடங்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், ஐஸ் பெட்டி தூக்குவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் படகு டிரைவரின் மகன் வந்தான், ஒன்பதாம் வகுப்பு. தம்பியிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறான், தம்பி என்னிடம் அனுப்பினான். அவனுக்கும் அதேதான், ஒரு வருடமாக. ஆபரேஷன் செய்த இடத்தின் முகவரி வேண்டுமாம். முகவரி கொடுக்கவில்லை. இந்த வயதில் தானாக வடிய நிறைய வாய்ப்பு இருக்கிறது, ஜிம் ஊசி பக்கம் போகாதே, நாளை என் டியூட்டி நேரத்தில் அம்மாவோடு வா, டாக்டரிடம் காட்டலாம் என்றேன். அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றான். சரி, நானே வந்து பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.