முகத்தை மறைத்தால் மட்டும் போதாது: காசநோய் ஆவணப்படம் எடுத்த அனுபவம்

மருத்துவம், சமூகப் பிரச்சினைகள் என்று ஆவணப்படம் எடுப்பதுதான் என் தொழில். வட சென்னையில் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களைப் பற்றிய படத்துக்கு அனுமதியும் ஒப்புதலும் எப்படி வாங்கினோம் என்று சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வேலை சீக்கிரம் முடிந்தது. கடிதமும் கதைச்சுருக்கமும் கொடுத்தோம், டாக்டர் பேட்டி எடுக்கலாம், வார்டுக்குள் கேமரா கூடாது என்றார்கள். நியாயம்தான். இருமிக்கொண்டு படுத்திருப்பவரால் டாக்டர் கூட்டி வந்த ஆளிடம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

அதோடு இந்த நோயின் கதை நடப்பதே வீட்டில்தான். சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரியில், படுக்க வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் அதே அளவுக்குக் குணமாகும் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது, 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையம். அதனால் கேமரா வீட்டுக்குத்தான் போக வேண்டும், வீட்டுக்குப் போனால் தெருவே எட்டிப் பார்க்கும்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்துக்காட்டி, கையெழுத்து வாங்காமல் அங்கேயே விட்டுவிட்டு வருவோம். யூடியூபில் வருமா, பொண்ணு கேட்டு வருகிறவங்க பார்ப்பாங்களா என்ற கேள்விகள் எல்லாம் நாங்கள் கிளம்பிய பிறகுதான் அவர்களுக்குத் தோன்றும். காசநோயோடு எச்ஐவியும் இருப்பவர்கள் உண்டு. ஒருவருக்கு எச்ஐவி இருப்பதை வெளியே சொல்ல அவருடைய ஒப்புதல் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, அந்தக் கேள்வியையே நாங்கள் கேட்கவில்லை.

முதல் எடிட்டை அவர்களுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினோம். ஓர் அக்கா முகமே தெரியாத ஒரு ஷாட்டில் நிறுத்தச் சொன்னார். "தம்பி, இந்தத் தண்ணி டிரம் யாரு வீட்டுதுன்னு எங்க தெருவுல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்." (டிரம் எப்படி இருக்கும் என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை.) அப்புறம் குரல். பிட்ச்சை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், அதைத் திருப்பி மாற்றிவிடலாம், பேசுகிற பாணியும் அப்படியே இருக்கும். அதே பேச்சுவழக்குள்ள வேறொரு பெண்ணைப் பேசவைத்தோம்.

ஆனால் ஒரு பகுதியைப் படத்திலிருந்து நீக்கவே கூடாது என்று அந்த அக்கா பிடிவாதமாகச் சொன்னார். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போகும், அதனால் ஆபத்தில்லை. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. எல்லாரும் புழங்குகிற பொதுக் கழிப்பறையில் அதைப் பார்த்து, ரத்தம் என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். "இத மட்டும் கட் பண்ணிடாத, என்ன மாதிரி இன்னொருத்தி நிறுத்திடக் கூடாது" என்றார். மாத்திரை அட்டையைப் பிரிக்கிற கையின் மேல் அந்தப் பேச்சு வருகிறது, படத்திலேயே நீளமான ஷாட் அதுதான்.

இப்படிப் படம் எடுக்க நினைப்பவர்கள் இந்த இரண்டாவது எடிட்டுக்கும் குரல் கொடுப்பவருக்கும் பட்ஜெட்டில் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள், பின்னால் கேட்டால் எந்தத் தயாரிப்பாளரும் தரமாட்டார்.