பேக்கரிக்காரர் காட்டிய கதவு எண்

சிகாகோவின் வடபகுதியில் ஒரு பழைய வீடு. 1900 வாக்கில் அதில் யார் குடியிருந்தார்கள் என்று தேடுவதுதான் மூன்று வாரமாக என் இரவு வேலை. இப்போதைய கதவு எண் 1422. 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளில் அதே தெருவில் 1422 உடனே கிடைத்தது: ஒரு தச்சர், மனைவி, நான்கு பிள்ளைகள். அந்தக் குடும்பத்தோடு இரண்டு நாள் உறவு கொண்டாடிய பிறகுதான், அவர்கள் வேறெங்கோ வாழ்ந்தவர்கள் என்று தெரிந்தது.

1909 செப்டம்பரில் நகரத்தின் கதவு எண்களை மாற்றியிருக்கிறார்கள். மையப்பகுதிக்கு மட்டும் 1911இல். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் இடம் பூஜ்யம். வடக்கே மைலுக்கு 800 எண்கள். ஆக, 1422 என்றால் மேடிசனிலிருந்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் மைல். இரட்டைப்படை என்பதால் தெருவின் மேற்குப் பக்கம். தச்சரின் 1422க்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்துத் தரும் புத்தகம் 1909இலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் நான் பார்த்த ஸ்கேனில், எனக்கு வேண்டிய வரியில் மட்டும் மை பரவியிருந்தது. 636ஆ, 686ஆ? கண்ணாடியைத் துடைத்தும் பயனில்லை.

சரி, பக்கத்து வீட்டைக் கேட்போம் என்று பழைய பதிவுகளில் தெருமுனைக் கடைகளைத் தேடிப் போனேன். நகர டைரக்டரி, அதாவது ஊர்க்காரர்களின் பெயர், தொழில், முகவரி அச்சிட்ட புத்தகம், பெயர் வரிசையில்தான் இருக்கும். முகவரியை வைத்துத் தேட முடியாது. பின்பகுதியில் உள்ள தொழில்வாரிப் பட்டியல்தான் கதி. 1908இன் பேக்கரிப் பத்திகளில் விரலை ஓட்டி, என் தெருவில் இருந்தவர்களை மட்டும் பொறுக்கினேன். 1911க்கும் அதே வேலை. ஒரே ஒரு பெயர் இரண்டிலும் வந்தது: முதலில் 630, பிறகு 1416. கடை நகரவில்லை, எண்தான் நகர்ந்திருக்கிறது. என் வீடு அங்கிருந்து ஆறு எண் தள்ளி, அப்படியானால் 636.

தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கட்டடம் கட்டடமாக வரைந்த சான்போர்ன் வரைபடத்திலும் ஒத்துப் பார்த்தேன். அதில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக்கட்டடம் மஞ்சள். எனக்குக் கிடைத்ததோ மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வீடு செங்கல்லா மரமா என்பது போயிற்று. ஆனால் மூலைக் கட்டடத்தின் பின்புறம் ரொட்டி அடுப்பைக் குறித்திருந்தார்கள். அதே வரிசையில் சற்றுத் தள்ளி, 636.

மறுபடியும் 1900 தாள்கள். தெருப்பெயரை இடது ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருப்பார்கள். கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். 636இல் இரண்டு குடும்பங்கள். கீழே ஒரு செருப்புத் தைப்பவர், மேலே ஒரு விதவையும் மகளும் என்று நினைக்கிறேன். மாடியைத் தாள் சொல்லவில்லை, அது என் ஊகம்.

1917க்குப் பிறகு டைரக்டரிகள் 1923க்கும் 1928-29க்கும் மட்டுமே வந்திருக்கின்றன. இடையில் 1920 கணக்கெடுப்பு இருக்கிறது. அடுத்த வாரம் அதில் 1422ஐத் தேடப் போகிறேன், இந்த முறை 1416இலிருந்து தொடங்கி.