ஆடி மாதத்துக்கும் வாடகையா?

திருத்துறைப்பூண்டியில் ஸ்டுடியோ நடத்துகிறவனின் வருமானம் வயலைப் பார்த்துத்தான் வரும். சம்பா அறுத்துக் கையில் காசு புரண்டால் தையிலும் மாசியிலும் கல்யாணங்கள். அப்புறம் வைகாசி, ஆவணி. ஆடியிலும் மார்கழியிலும் கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டுவேன். பாஸ்போர்ட் சைஸ் மட்டும் வரும், 4×6 தாளில் எட்டுப் படம்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிய்த்துப் போனது. சிபியு முழுக்க நனைந்து செத்தது. அதில் இருந்தது படங்களைத் திருத்த நான் வைத்திருந்த மென்பொருள், போட்டோஷாப் 7. 2002-ல் வந்த பதிப்பு. என்னிடம் வந்தது யாரோ எரித்துக் கொடுத்த சிடியில். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் பில்லோடு வாங்கிய ஸ்டுடியோக்காரர் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

புது கம்ப்யூட்டர் வந்ததும் அக்கா மகன் சொன்னான், “மாமா, இந்தத் தடவையாவது ஒழுங்கா லைசென்ஸ் வாங்கிடுங்க.” விசாரித்தால், போட்டோஷாப்பில் 2013-க்குப் பிறகு வந்த பதிப்புகளெல்லாம் சந்தாவில்தான், வாடகை மாதிரி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தொகை பெரிதில்லை என்றான் அவன். தொகையா பிரச்சினை? கஜாவுக்கு அப்புறம் கரண்ட் வரவே வாரக்கணக்கானது. சந்தா போட்டிருந்தால் அந்த மாதத்துக்கும் கட்டியிருக்க வேண்டும். ஆடிக்கும் கட்ட வேண்டும். கடை வாடகைக்காவது ஓனரிடம் பத்து நாள் தவணை கேட்கலாம்.

ஒரு நோட்டில் போட்டோஷாப்பில் நான் தினமும் தொடும் கருவிகளை எல்லாம் எழுதினேன். கிராப், லெவல்ஸ், குளோன் ஸ்டாம்ப், ஹீலிங் பிரஷ், லேயர், செலக்‌ஷன், எழுத்து. ஏழோடு நின்றுவிட்டது. அதே கம்பெனியின் போட்டோஷாப் எலிமென்ட்ஸ் 2019-ல் ஏழும் இருந்தன. ஒரே தடவை பணம். ஒரு காதுகுத்துக்குப் படம் எடுத்த காசில் வாங்கினேன், இன்றும் ஓடுகிறது. (இப்போது புதிதாக வாங்கினால் மூன்று வருட உரிமம்தான்.) காசே கொடுக்க வேண்டாத கிம்ப் என்ற மென்பொருளையும் அக்கா மகன் போட்டுக் காட்டினான். அதில் குறையில்லை, பழைய ஷார்ட்கட்டுக்கே போகிற என் விரல்களில்தான் குறை.

இடித்தது இரண்டு இடத்தில். புள்ளி புள்ளியாக வைத்து வளைகோடு இழுத்து உருவத்தை வெட்டும் பென் டூல் எலிமென்ட்ஸில் கிடையாது. மணப்பெண்ணின் தோளையும் பட்டுக்கரையையும் பென் டூலால் நூல் பிடித்த மாதிரி வெட்டியவனுக்கு கையால் சுற்றிக் கோடு போடும் லாசோவைப் பிடித்தால் கை நடுங்குவது போலிருந்தது. இன்னொன்று சிஎம்ஒய்கே, அதாவது அச்சு மையின் நான்கு நிறங்களில் படத்தைத் தருவது. அதுவும் எலிமென்ட்ஸில் இல்லை. ஆல்பம் லேபுக்குத் திரை நிறமான ஆர்ஜிபியில் ஜேபெக் போதும், பிளெக்ஸ் கடைக்காரர் தானே மாற்றிக்கொள்வார். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர் மட்டும் “அண்ணே, சிஎம்ஒய்கேல குடுங்க” என்பார். திரையில் பளீரென்று இருக்கும் ராணி பிங்க் அச்சில் எவ்வளவு மங்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியாது. அந்த வேலைகளை, அச்சுக்குப் பக்கம் அமைக்கும் டிடிபி கடை நண்பனிடம் தள்ளிவிடுகிறேன். அதில் போகும் லாபத்தைப் பார்த்தால் வயிறு எரியும்தான்.

எலிமென்ட்ஸில் செய்த முதல் பெரிய வேலை ஒரு மீசை. தலைஞாயிறு பக்கத்திலிருந்து ஓர் அம்மா, காலமான கணவரின் படத்தைப் பாலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். புயல் தண்ணீர் பட்டுப் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும் என்பதால் சட்டத்தோடே படம் பிடித்தேன். கன்னத்தில் பூஞ்சைப் புள்ளிகள். வலது மீசை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. புள்ளிகளை ஹீலிங் பிரஷ் பார்த்துக்கொண்டது. மீசைக்கு, இடது பாதியைத் தனி லேயராக எடுத்துப் புரட்டி வலப்பக்கம் வைத்து, ஓரங்களைக் குளோன் ஸ்டாம்ப்பால் கலைத்துவிட்டேன். நானே மெச்சிக்கொள்ளும்படி வந்தது.

பிரிண்டை வாசல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அவுங்களுக்கு இந்தப் பக்க மீசை கொஞ்சம் எறங்கி இருக்கும்.”

பக்கத்தில் உட்காரவைத்து அந்த லேயரைச் சாய்த்து, மெல்ல மெல்லக் கீழே இறக்கினேன்.

“இன்னும் கொஞ்சம்” என்றார்.