நசுங்கிய பியானோ

பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து தோல் வாத்தியம் செய்கிறவர்கள் இருக்கும் பெருவெம்புக்குப் போயிருந்தேன், மகனுடைய மிருதங்கத்துக்குக் கரணை (வலப்பக்கத் தோலின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) புதுசாக வைக்க. மிருதங்கம் செய்யும் ஆசான் சோற்றோடு கல்பொடி கலந்து பிசைந்து, சிட்டிகை சிட்டிகையாக வலந்தலையில் வைத்து, கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் விரலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். அரை நாள் போய்விட்டது.

காத்திருந்த நேரத்தில் ஆப்பிளின் அந்தப் பழைய ஐபேட் விளம்பரத்தை அவரிடம் காட்டினேன். 2024 மே மாதம் வந்தது. ஒரு ராட்சத இயந்திரம் ட்ரம்பெட், பியானோ, பெயிண்ட் டப்பா, கேமரா எல்லாவற்றையும் நசுக்கும். தூக்கினால் அடியில் மெல்லிசாக ஒரு ஐபேட். எல்லாம் இதற்குள் இருக்கிறது என்று சொல்ல வந்தார்கள். மக்கள் பார்த்ததோ நசுங்குவதை மட்டும்தான். ஜப்பானில் பலர் கொதித்தார்கள், நடிகர் ஹியூ கிராண்ட் வெளிப்படையாகக் கண்டித்தார். இரண்டே நாளில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, டிவியில் போடுவதில்லை என்று முடிவு செய்தது. கேட்டது சரி. ஆனால் இது எடுக்கும்போதே யாருக்கும் மனசு உறுத்தவில்லையா என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆசான் பாதியிலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அந்தப் பியானோவைச் செஞ்சவன் இதைப் பாத்திருப்பானாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதே விளம்பரத்தை யாரோ பின்னாலிருந்து முன்னாக ஓட்டி அப்போது போட்டிருந்தார்கள். நசுங்கிய பியானோ நிமிர்ந்து எழும். தேடி எடுத்து அதையும் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு முழுசாகப் பார்த்தார்.